உள்ளே வலி நிலை

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அன்றோடு பதினோரு நாள் ஆயிற்று.

ஒரேயடியாகச் சாத்திக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. குளிக்க வருவாள், சாப்பாட்டை எடுக்க வருவாள். எலி மாதிரி வந்து எலி மாதிரி போவாள். பள்ளிக்கூடம் போகவில்லை. வாயைத் திறந்தால் ஒரே சொல்தான்: "ஒண்ணுமில்ல." என்னடி ஆச்சு என்றாலும் ஒண்ணுமில்ல. காய்ச்சலா என்றாலும் ஒண்ணுமில்ல. அந்த ஒண்ணுமில்லைக்குள்ளே ஒரு லாரியைக் கொண்டுபோய்த் திருப்பி நிறுத்தலாம், அவ்வளவு பெரிசு.

அம்மாக்காரி ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். எந்தச் சுருக்கத்தையும் எடுத்துவிடலாம் என்று நம்புகிறவள். கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள், எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டாள், ஒப்பிட்டது தப்பு என்று மறுபடி கெஞ்சினாள். அப்பா ஒருநாள் கதவை உதைத்தார். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கால் பெருவிரல்தான் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. இத்தனைக்கும் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. போன மழைக்காலத்தில் உடைந்தது. தள்ளினால் திறந்துகொள்ளும். அது மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அது பூட்டிய கதவுதான்.

அப்பாவுக்கு ரசாயன ஆலையில் வேலை. அங்கே எல்லோரும் அவரைத் 'தட்டு' என்பார்கள். சாப்பாட்டுத் தட்டு இல்லை. தட்டித் தட்டிக் கேட்கிற தட்டு. பெரிய இரும்புத் தொட்டிகளைக் கழுவ ஆட்கள் உள்ளே இறங்கும்போது, தொட்டி வாயில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது அவர் வேலை. உள்ளே போனவன் இடுப்புக் கயிறு அவர் கையில் இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டியை இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவன் பதிலுக்கு இரண்டு தட்டினால் நலம். கயிற்றை மூன்று முறை சுண்டினால், என்னை இழு. இதற்கெல்லாம் ஒரு அனுமதிச் சீட்டு உண்டு. நேரம் போட்டு எழுதிக்கொண்டே வரவேண்டும். அந்தச் சீட்டுக்காகத்தான் நாற்பத்திரண்டு வயதில் அவர் எழுத்துக் கற்றுக்கொண்டார். அப்போது மகளுக்கு ஒன்பது வயது. அவர் வீட்டுப்பாடத்தை அவள்தான் சிவப்புப் பேனாவால் திருத்துவாள். எல்லாம் வந்தது அவருக்கு, ல, ள, ழ தவிர. அவை மூன்றும் மூன்று மச்சான்கள் மாதிரி. தனித்தனியே பார்த்தால் ஆள் தெரியும். கல்யாண வீட்டில் ஒன்றாக நின்றால் யாரிடம் என்ன பேசினோம் என்று குழம்பிவிடும்.

வெள்ளிக்கிழமை அவர் ஆலையின் சேஃப்டி மேடத்திடம் லீவு கேட்கப் போனார். மேடம் தலையைத் தூக்கவில்லை.

"என்ன காரணம்?"

"உள்ள ஒரு ஆள் இருக்கு மேடம்."

பேனா நின்றது. "எந்தத் தொட்டி?"

"வீட்டுல மேடம். அறைக்குள்ள."

"எவ்வளவு நேரமா?"

"பத்து நாளா."

"பதில் வருதா?"

"ஒண்ணுமில்லைன்னு வருது."

"கயிறு கட்டியிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"பர்மிட்?"

"இல்ல."

மேடம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "என்னங்க தட்டு, பதினாலு வருஷம் சர்வீஸ்! கயிறு இல்லாம, சீட்டு இல்லாம ஒரு ஆள உள்ள விட்டுட்டு இங்க வந்து நிக்கிறீங்களே. இப்ப வெளிய யாரு இருக்கா?"

யாரும் இல்லை. மனைவி ஓட்டலில். அவர் இங்கே. மேடம் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

மேடம் இருபதடிக் கயிறு ஒன்றைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். சீட்டு மட்டும் வரிசை எண் போட்டது, வெளியே போகக்கூடாது, அதில் உள்ளதை நினைவு வைத்து வீட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

சனிக்கிழமை காலை மகள் கதவுக்கு எதிரே அவர் ஸ்டூல் போட்டார். ஹெல்மெட் போட்டார். பளபளக்கும் மஞ்சள் சட்டையும் போட்டார். அது இல்லாமல் அவருக்கு வேலைக் குரல் வராது. கயிற்றின் ஒரு நுனியைக் கதவுக்கு அடியில் தள்ளினார். மழைக்காலத்தில் உப்பிய கதவை அறுத்துவிட்டதில் கீழே இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"என்னங்க வேஷம் இது?"

"டூட்டி."

"வீட்டுக்குள்ளயா? யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க? அந்தக் கதவத் தள்ளிட்டு உள்ள போய் நாலு வார்த்தை நல்லவிதமா கேட்டா ஆகாதா?"

"வெளிய நிக்கிறவன் உள்ள போகக்கூடாது. அதான் மொத விதி." அவர் குரலைத் தாழ்த்தினார். "மயங்கினவனக் காப்பாத்தறேன்னு குதிக்கிறவன்தான் மொதல்ல சாவான். நான் ஒருதரம் பாத்திருக்கேன். ஒருத்தனுக்காக ரெண்டு பேர். நாமளும் பத்து நாளா மாத்தி மாத்தி உள்ள குதிச்சோம். இப்ப மூணு பேரும்ல மயங்கிக் கெடக்கறோம்?"

அவள் பெருக்க ஆரம்பித்தாள். அவர் காலைச் சுற்றிப் பெருக்கினாள்.

அவர் கதவில் இரண்டு தட்டு தட்டினார். பதில் இல்லை. எழுதினார்: எட்டு மணி, பதில் இல்லை. எட்டுப் பத்து, பதில் இல்லை. எட்டு இருபதுக்கு உள்ளேயிருந்து, "என்னப்பா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். ரெண்டு தட்டு தட்டு, போதும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு எழுத இதுல எடமில்ல."

எட்டு முப்பதுக்கு அவர் தட்டினார். உள்ளே, சலிப்போடு, இரண்டு தட்டு விழுந்தது. அவர் எழுதினார்: எட்டு முப்பது, நலம். ஒரு 'நலம்' எழுதப் பதினோரு நாள்.

பிறகு அவர் சீட்டைத் தயார் செய்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், ஆலைச் சீட்டில் உள்ளபடியே. ஆலையில் காற்று என்று அச்சடித்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. படித்தவர் யாரோ தமிழாக்கும்போது 'வளி' என்று போட்டுவைத்திருந்தார். தட்டு மச்சான்களைக் குழப்பிக்கொண்டார். முத்து முத்தாக எழுதினார்:

உள்ளே வலி நிலை: நன்று / சுமார் / ஆபத்து
வலி எங்கிருந்து வருகிறது:
வெளியேறும் வலி:

பேனாவோடு கதவுக்கு அடியில் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் பேனா கீறும் சத்தம் கேட்டது. அது நின்றது. மறுபடி கீறியது. தாள் வெளியே வந்தபோது 'ஆபத்து' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது, தாள் கிழிகிற மாதிரி. மற்ற இரண்டு வரியும் காலி.

அவர் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். "ஃபேன எடு! ஃபேன எடு!"

மனைவி மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். எதற்கென்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவர் அதைத் தரையில் படுக்கவைத்துக் கதவிடுக்கைப் பார்த்துத் திருப்பிவிட்டு முழு வேகத்தில் போட்டார். உள்ளே தாள்கள் பறக்கும் சத்தம்.

"ஜன்னலத் தொற! மூக்கப் பொத்திக்கிட்டு ஜன்னல் பக்கம் போ!"

"அப்பா! என்ன பண்றீங்க? என் நோட்டெல்லாம் பறக்குது!"

"காத்து வரட்டும்மா! ஆபத்துன்னு போட்டிருக்கியே!"

"அதுக்கு எதுக்கு ஜன்னல்?"

"காத்து சரியில்லன்னா ஜன்னலத் தொறக்காம, பின்ன ஜாதகமா பாப்பாங்க?"

விசிறி மட்டும் சுற்றியது.

"அப்பா, நீங்க கேட்டது எந்த வளி? காத்தா?"

"ஆமா. வேற என்ன?"

"நீங்க எழுதியிருக்கறது சின்ன ல, ப்பா."

அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எந்த மச்சான் என்று அப்போதும் அவருக்குச் சந்தேகம்தான். தன் பெருவிரலைப் பார்த்தார். அது இன்னும் வீங்கியிருந்தது. அதற்கு என்ன பெயர், அதற்கு எந்த எழுத்து என்று யோசித்தார். யோசித்து முடித்தபோது விசிறியை நிறுத்தினார்.

"அப்ப நீ வட்டம் போட்டது..."

"எழுதியிருந்ததுக்குத்தான் போட்டேன்."

மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு எழுந்து கதவைத் தள்ள வேண்டும்போல் இருந்தது. ஒரு தள்ளு போதும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் மச்சான். மனைவியின் அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி வைத்திருப்பவர். தன் பக்கமும் ஒரு பிரேக் உள்ள காரிலேயே இருபது வருஷம் உட்கார்ந்திருந்ததால், யார் என்ன பேசினாலும் அவர் வலதுகால் தரையை அமுக்கும். தங்கைதான் போன வாரம் அழுதுகொண்டே அவரைக் கூப்பிட்டிருந்தாள்.

"என்ன மச்சான், தலையில சட்டி?" என்றார்.

"டூட்டி, மச்சான்."

"நீங்க நகருங்க. நான் பேசறேன். இந்த வயசுப் பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும். தெனம் நாலு பேரு என் பக்கத்துல உக்காந்து ஸ்டீரிங்க ஒடிக்கிறாங்க." கதவருகே குனிந்தார். "அம்மா, நான் மாமா வந்திருக்கேன். என்னைய மாமான்னு நெனைக்காத. ஃப்ரெண்டுன்னு நெனச்சுக்க. மனசு விட்டுப் பேசு. என்ன இருந்தாலும் நாங்க..."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது.

சாதாரணச் சிரிப்பு இல்லை. முதலில் தண்ணீர் மோட்டார் காற்றை இழுக்கிற மாதிரி ஒரு உறிஞ்சல், பிறகு துருப்பிடித்த இரும்புக் கேட் இரண்டு முறை திறந்து மூடுகிற மாதிரி ஒரு கீச்சு, பிறகு மறுபடி மோட்டார்.

தட்டின் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குத் தெரியாமலே மலர்ந்தது. பதினோரு நாளாக, யோசித்துப் பார்த்தால் அதற்கும் முன்னாலிருந்தே, இந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. கதவைப் பார்த்தார். அங்கேயிருந்து வரவில்லை. மச்சானின் பையைப் பார்த்தார்.

"கிளட்ச் பொம்பளை, கிளட்ச்ச விடவே தெரியாத ஸ்டூடண்ட்," என்று மச்சான் போனை எடுத்துப் பார்த்தார். "இந்த ரிங்டோன் எப்படி இருக்கு மச்சான்? எங்க ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் இதான் வச்சிருக்காங்க. எதோ ஸ்கூல்ல ஒரு கழுதைப்புள்ள சிரிச்சத எவனோ புடிச்சுப் போட்டு..."

அவர் கால் தரையை அமுக்கியது. ஆனால் வண்டி ஏற்கெனவே மோதிவிட்டது. தங்கையின் முகத்தைப் பார்த்தார். மஞ்சள் சட்டையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கையிலிருந்த போன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ," என்றார். "ஐயோ, நம்ம..."

நிறுத்தும் பட்டன் அவர் விரலுக்கு அகப்படவில்லை. தட்டினார், அமுக்கினார், சத்தம்தான் கூடியது. போனை இரண்டு கையாலும் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஒரு ஆள் தன் வயிறு சிரிக்கச் சிரிக்க ஓடுகிற மாதிரி இருந்தது. தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்டது. நின்றது. கிளட்ச் பொம்பளை விடாக்கண்டி, மறுபடி தொடங்கியது.

அப்போது கயிறு அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

தட்டு எழுந்து நின்று, பதினாலு வருஷத்தில் ஒரே ஒருமுறை கத்தியதை இரண்டாம் முறையாகக் கத்தினார்: "ஆளு வெளிய! ஆளு வெளிய!"

"கதவத் தொறங்களேன்!" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"உள்ள போகக்கூடாது! இழுக்கணும்!"

கயிற்றை இழுத்தார். கனமே இல்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது. கதவிடுக்கு வழியாக நுனி வந்தது. நுனியில், ஷூ லேஸ் மாதிரிப் பூ முடிச்சுப் போட்டு, மகளின் போன் கட்டியிருந்தது.

"அதான்," என்றாள் மகள் உள்ளேயிருந்து. "எங்கிருந்து வருதுன்னு ரெண்டாவது லைன்ல கேட்டிருந்தீங்கல்ல."

போன் திரையில் வகுப்புப் பிள்ளைகளின் குழு ஒன்று திறந்தே இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டார். மனைவி, "குடுங்க, நான் படிக்கறேன்," என்றாள். "நீ உள்ளுக்குள்ள படிச்சுட்டு அழுவ. உள்ள இருக்கறவளுக்குக் கேக்கணும்," என்று ஹெல்மெட்டைப் பின்னுக்குத் தள்ளி, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"க... ழு... கழுத்தை. கழுத்தைச் சிரிப்பு ரசிகர் மன்றம்." நிறுத்தினார். "கழுத்து எப்படிம்மா சிரிக்கும்?"

கதவுப் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, கழுத்தா?"

"கழுதைப்பா," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஓ. கழுதை. நம்ம கழுதை." அடுத்ததுக்குப் போனார். "இவளுக்கு... வாயில்... பாட்டு போடுங்கடா. பரவால்லையே, பாட்டு போடச் சொல்றான். எந்தப் பாட்டு?"

"பூட்டு."

"பூட்டா? வாயில பூட்டு எப்படி நிக்கும்? ரெண்டு பக்கமும் கொண்டி வேணுமே."

"அப்பா, போதும்."

"பொறு, சீட்டுல எதையும் விடக்கூடாது. அடுத்தது... மூஞ்சி."

"என்னது?"

"மஞ்ச மூஞ்சி போட்டிருக்கான். கண்ணுல தண்ணி ஊத்துது. இது அழுவுதா சிரிக்குதா?"

"சிரிக்குது."

"தண்ணி ஊத்துதே."

"சிரிச்சு ஊத்துது!"

"சரி. மூஞ்சி. மூஞ்சி. மூஞ்சி. மூஞ்சி." ஒவ்வொன்றுக்கும் விரல் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே மரியாதையோடு படித்தார். "மூஞ்சி. இது வேற மூஞ்சி, தலைகீழா இருக்கு. மூஞ்சி. இதோட ஏழு. இவன் பள்ளிக்கூடத்துல எழுத்தே கத்துக்கலையாம்மா? நான் நாப்பத்திரண்டு வயசுல கத்துக்கிட்டேன், என்கிட்ட அனுப்பு அவன. மூஞ்சி."

உள்ளே மோட்டார் ஒருமுறை காற்றை இழுத்தது.

அவர் வாயை மூடிக்கொண்டார். மனைவி தரையில் கையூன்றி நிமிர்ந்தாள். உள்ளே தலையணையில் முகத்தை அமுக்குகிற சத்தம். அமுக்கியும் அடங்காமல், கேட் ஒருதரம் கிறீச்சிட்டது. இரண்டாம் தரம். பிறகு அது சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாமல் போனது. அந்த மஞ்சள் மூஞ்சி மாதிரியே. வெகுநேரம் போனது. அவர் நேரத்தை மட்டும் எழுதினார். பத்து நிமிஷம் ஆனதும் இரண்டு தட்டு தட்டினார். இரண்டு தட்டு வந்தது.

தெருவிலிருந்து மச்சான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். போனைக் கையில் எடுத்துக் காட்டினார். பாட்டரி தனியே, மூடி தனியே கழன்றிருந்தது. உள்ளே வர தைரியமில்லை. "எல்லார்கிட்டயும் அந்த ரிங்டோன எடுக்கச் சொல்றேன் மச்சான், எடுக்காதவனுக்கு நான் கிளாஸ் எடுக்க மாட்டேன்," என்று குசுகுசுத்துவிட்டு, தலையை இறக்கிக்கொண்டார்.

மதியம் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள்.

"மாத்து ஆள் வந்து கையெழுத்துப் போடாம நகரக்கூடாது," என்றார்.

"நான் உக்கார்றேன், போங்க."

"உனக்குப் பயிற்சி இல்ல. உள்ள ஒரு சத்தம் கேட்டா நீ குதிச்சிருவ."

"காலையில இருந்து பட்டினி. மயங்கி விழுந்தா உங்கள யாரு இழுக்கறது?"

அந்தக் கேள்விக்கு விதியில் பதில் இல்லை. மூன்று மணிக்கு அவர் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி முனகியது. கதவு திறந்தது.

மகள் நின்றாள். கண் வீங்கி, தலை கலைந்து, கையில் பறந்துபோன நோட்டுத் தாள் ஒன்றோடு. பதினைந்து வயதுக்குக் கொஞ்சம் உயரம்தான். அது எப்போது ஆனதென்று அவருக்குத் தெரியவில்லை.

"எந்திரிங்கப்பா. நான் மாத்திவிடறேன். போய்ச் சாப்பிடுங்க."

"உனக்குப் பயிற்சி?"

"பதினோரு நாள்," என்றாள்.

சீட்டை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா கையில் இருந்ததால் பழக்கம் விடவில்லை. 'வெளியேறும் வலி'யில் கடைசி எழுத்தை அடித்து ழி போட்டாள். முதல் வரியில் பேனா நின்றது. அதில் எழுத்தைத் தொடவில்லை. பழைய வட்டத்தை அடித்துவிட்டு, 'சுமார்' என்பதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டாள். அவர் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். அது மூக்குவரை இறங்கியது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கயிற்று நுனியைக் கையில் பிடித்து, திறந்த கதவுக்கு வெளியே காவல் இருந்தாள்.

சமையலறையில் மனைவி தட்டை வைத்துப் பரிமாறினாள். இரண்டு கவளம் போனபின் அவர் காதருகே குனிந்தாள். "ஏங்க. இப்ப உள்ள யாரு இருக்கா?"

"சும்மா இரு," என்றார் அவர். "டூட்டியில இருக்கறவகிட்ட கேட்டுடாத."

கூடத்திலிருந்து சத்தம் வந்தது. காலியான அறையின் கதவில், நேரம் தவறாமல், இரண்டு தட்டு.

உள்ளே பதில் சொல்ல ஆள் இல்லை. விதிப்படி யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அவர் எச்சில் கையை உதறி, தன் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார்.